சோர்வை அறிந்த போதகர்

1856ஆம் ஆண்டு ஒக்டோபர் 19ஆம் திகதி, ஞாயிறு மாலை. இலண்டன் மாநகரின் சரே தோட்டச் சங்கீத மண்டபத்திலே ஏறக்குறைய 10,000 மக்கள் திரண்டிருந்தனர். இடம் கிடையாதவர் வெளியே நின்றனர். பிரசங்கிக்க வந்தவரோ 22 வயதே நிரம்பிய சாள்ஸ் ஹடன் ஸ்பேர்ஜன் என்னும் பப்திஸ்துப் போதகர். வழிபாடு நடந்துகொண்டிருக்கையில், தீப்பற்றிக்கொண்டது என்று எவனோ கூவினான். தீ எங்கும் இல்லை. ஆயினும் முண்டியடித்து ஓடிய கூட்டத்திலே 7 பேர் உயிர் துறந்தனர்; பலர் காயமுற்றனர்.

எசெக்ஸ் நாட்டுப்புறத்திலே 1834இல் பிறந்து, 1854இல் தலைநகர்ச் சபைக்கு அழைக்கப்பட்டு, ஈராண்டுக்குள் நகரையே தம்பால் ஈர்த்த அவ்விளைஞர் அன்று நிலைகுலைந்து வீழ்ந்தார். நண்பர் இல்லத்திலே நாட்கணக்காய்க் கலங்கியிருந்தார். வேதப்புத்தகத்தைக் கண்டாலும் கண்ணீர் பெருகிற்று. பிறந்து ஒரு மாதமேயான இரட்டைக் குழந்தைகளின் தாயான அவர் மனைவி சூசன்னா உடனிருந்து தேற்றினார். பத்திரிகைகள் சில பழியை அவர் தலைமேற் சுமத்தின. அந்நண்பரின் தோட்டத்திலே உலாவுகையில் ஒருநாள் மனம் தெளிந்தது; சின்னாட்களில் மீண்டும் மேடையேறினார். எனினும் அம்மாலையின் நினைவு அவரை முற்றாக விட்டகன்றதில்லை.

ஸ்பேர்ஜனை உலகம் நாவன்மைக்காகவே நினைவிற் கொண்டிருக்கிறது. எமக்கோ வேறொன்றே பெரிதாகத் தோன்றுகின்றது. தாம் நிறுவிய போதகர் கல்லூரியிலே வெள்ளிக்கிழமைகளில் அவர் விரிவுரை ஆற்றுவதுண்டு. அவற்றுள் ஒன்றைப் போதகருக்கு நேரும் மனச்சோர்வுக்கென்றே ஒதுக்கினார். சோர்வை விசுவாசக் குறைவென்று பலரும் எண்ணிய காலம் அது. அவரோ மருத்துவர் நாடி பார்ப்பதுபோல அதன் காரணங்களை ஆராய்ந்தார். உடற்பிணி, பிறர் துயரைச் சுமந்து சுமந்து வரும் களைப்பு, தலைமை தாங்குவோனின் தனிமை, நூல்களுக்கிடையே அசையாது அமர்ந்திருக்கும் வாழ்க்கை. பெருவெற்றிக்கு அடுத்த கணமே தளர்ச்சி வருமென்றும் எச்சரித்தார். காட்டுவழி நடையையும் கடற்காற்றையும் ஓய்வையும் மருந்தாக விதித்தார். சங்கீத மண்டபத்துத் துயரையும் அம்மாணவர் முன்னே ஒளிக்கவில்லை. புகழின் உச்சியிலிருந்தவர் தம் வீழ்ச்சியைத் தாமே எடுத்துரைப்பது எளிதான செயலா?

சொன்னவாறு அவர் நடந்தாரா என்றால், அரைகுறையாகத்தான். அநாதைகள் இல்லம், கல்லூரி, மாதப் பத்திரிகை, வாரந்தோறும் அச்சேறிய பிரசங்கம் என்று சுமை மேலும் மேலும் ஏறிற்று. கீல்வாதம் அவரை வருத்திற்று. குளிர்காலத்திலே தென் பிரான்சின் மென்ரோன் கடற்கரையை நாடி இளைப்பாறி வருவார். 1887இல் எழுந்த கோட்பாட்டுப் பூசலால் பப்திஸ்து ஒன்றியத்தை விட்டு விலகியது ஆறாத புண்ணாயிற்று.

சூசன்னாவும் நெடுங்காலம் நோயாளி. வீட்டை விட்டு வெளியேறுவதே அரிது. 1875இல் கணவரின் விரிவுரைத் தொகுதி அச்சாகியபோது, அது ஒவ்வொரு போதகர் கையிலும் இருத்தல் வேண்டுமென ஆசைப்பட்டார். தாம் சிறுகச் சேமித்து வைத்திருந்த வெள்ளி நாணயங்களை எடுத்து எண்ணினார். 100 பிரதிகளுக்குப் போதுமாயிருந்தது. நூல் வாங்க வகையற்ற ஏழைப் போதகருக்கு அவற்றை அனுப்பினார். அவ்வாறு தொடங்கிய புத்தக நிதி, 1903இல் அவர் மறையுமுன் ஏறக்குறைய 2,00,000 நூல்களை வழங்கிற்று.

கணவரோடு மென்ரோனுக்குச் செல்லும் வலிமை மட்டும் அவருக்கு ஆண்டுக்கணக்கில் வாய்க்கவில்லை. 1891 ஒக்டோபரிலே முதன்முறையாகச் சென்றார். நோய் முற்றியிருந்த ஸ்பேர்ஜன், தாம் தனித்துக் கண்டு மகிழ்ந்த கடலையும் தோட்டங்களையும் மனைவிக்குக் காட்டினார். மூன்று மாதம் இருவரும் அங்கே கூடி வாழ்ந்தனர். 1892 ஜனவரி 31ஆம் திகதி, 57ஆம் வயதில், அவர் அங்கேயே கண்மூடினார்.