வைத்தியர் பீட்டர் பிரைஸ்

கனடா தேசத்து ஆதிகுடிச் சிறுவர்களுக்காக வாதாடிய வைத்தியர் பீட்டர் ஹெண்டர்சன் பிரைஸ் என்பாரின் சரிதையை ஈண்டுச் சுருக்கி வரைகின்றோம்.

இவர் 1853-ஆம் வருஷம் ஒன்டாரியோ மாகாணத்திற் பிறந்தார். 1904-இல் ஆதிகுடிகள் இலாகாவின் பிரதம வைத்திய அதிகாரியானார். அந்நாளில் அரசாங்கம் பொருளுதவ, திருச்சபைகள் விடுதிப் பாடசாலைகளை நடத்திவந்தன. சிறுவரைப் பெற்றோரிடமிருந்து பிரித்துத் தாய்மொழியையும் குலவழக்கத்தையும் மறக்கச் செய்வதே அவற்றின் நோக்கம். 1907-இல் பிரைஸ் மேற்குப் பிரதேசத்துப் பாடசாலைகள் 35-ஐப் பரிசோதித்தார். காற்றோட்டமற்ற அறைகளில் க்ஷயரோகம் பரவியிருந்தது. கணக்குக் கிடைத்த 1,537 மாணாக்கருள் ஏறக்குறைய நாலிலொருவர் மாண்டிருந்தனர். இதனை அறிக்கையாக வெளியிட்டுப் பரிகாரமும் கூறினார். அதிகாரிகளோ பரிகாரத்தை ஏற்காது, பின்னர் அவருடைய ஆராய்ச்சியையே நிறுத்தினர். 1921-இல் கட்டாய ஓய்வு பெற்ற அவர், மறுவருஷமே உண்மையைச் சிறுநூலாக அச்சிட்டார். 1932-இற் காலமானார்.

பாடசாலைகளோ 1990-களின் பிற்பகுதி வரை நீடித்தன. 1,50,000-க்கு மேற்பட்ட சிறுவர் அவற்றுட் சென்றனர். பிரதம மந்திரி பாராளுமன்றத்தில் மன்னிப்புக் கேட்டது 2008-இல். ஆயினும் இழந்த மொழிகளும் குலைந்த குடும்பங்களும் எளிதில் மீளவில்லை.

விடுமுறைதோறும் இல்லந்திரும்பி அன்னையோடு அவள் மொழியிலே உரையாடும் விடுதி மாணாக்கராகிய நாம் இதனைச் சிந்தித்தல் வேண்டும். அறியாமையால் அச்சிறுவர் மடியவில்லை. அறிந்தோர் வாளாவிருந்தமையால் மடிந்தனர். அறிந்தும் வாளாவிராத ஒருவரை நாம் மறவாதிருப்போமாக.