கல்லச்சில் மறை அச்சிட்ட முன்ஷி நவல் கிஷோர்

நம் முன்னோர் ஓதிய அரபுத் தமிழ்க் கித்தாபுகளிலும், சிங்கப்பூர் கம்போங் கிளாமில் அச்சான பழைய ஜாவிக் கித்தாபுகளிலும் பல கல்லச்சில் வந்தவை. அத்தொழிலை இந்தியாவில் உச்சத்துக்குக் கொண்டுபோனவர் லக்னோ முன்ஷி நவல் கிஷோர்.

1836ல் பார்கவ வகுப்பைச் சேர்ந்த இந்துக் குடும்பத்தில் பிறந்தார். தந்தை யமுனா பிரசாத், அலிகார் பகுதி நிலக்கிழார். மகனோ ஆக்ரா கல்லூரியில் படித்து, லாகூர் கோஹினூர் அச்சகத்தில் தொழில் கற்றார். 1857 கிளர்ச்சியில் லக்னோ சிதைந்து கிடந்தது. மறு ஆண்டே, 22 வயதில், அங்கே அச்சகம் தொடங்கினார்.

உருது எழுத்து வளைந்து, ஒன்றன்மேல் ஒன்று ஏறி வரும். ஈய எழுத்தில் அந்த அழகு வராது. ஆகவே காத்திபு கையால் எழுதுவார். அதைச் சுண்ணாம்புக் கல்லில் பதிப்பார்கள். கல்லை நனைத்து மை உருட்டினால், எழுத்துள்ள இடத்தில் மட்டும் மை ஒட்டும். காத்திபு ஒரு புள்ளியை விட்டால் அத்தனை பிரதியிலும் அது விடுபடும்.

திருக்குர்ஆன் என்றால் இன்னும் கவனம். அந்தப் பணிக்கு முஸ்லிம்களையே அமர்த்தினார், அவர்கள் ஒளுவுடன் வேலை செய்தார்கள் என்று இன்றும் சொல்கிறார்கள். கையெழுத்துப் பிரதி வாங்க வசதியில்லாதவர் வீட்டுக்கும் குர்ஆன் போகும்படி மலிவாக விற்றார். வியாபாரம் செய்பவன் என்ற முறையில் எனக்கு இது பெரிதாகப் படுகிறது. வாங்குபவரின் நம்பிக்கையை மதித்ததே அவருடைய முதல். ஒரு சந்தேகம் எழுந்திருந்தால் கடை மூடியிருக்கும்.

மிர்சா காலிபின் பாரசீகக் கவிதைகளையும், அமீர் ஹம்சா கதையின் பெருந்தொகுதிகளையும் அவர் அச்சகமே வெளியிட்டது. அவத் அக்பார் என்ற உருது நாளேடும் நடத்தினார். காகிதத்துக்குப் பிறர் கையை எதிர்பாராமல் லக்னோவில் காகித ஆலை அமையவும் முன்நின்றார்.

1895ல் காலமானார். தத்துப்பிள்ளை பிராக் நாராயணும், அவருக்குப் பின் பேரன் பிஷன் நாராயணும் அச்சகத்தைக் காத்தனர். 1950ல் அடுத்த தலைமுறையில் அது இரண்டாகப் பிரிந்தது. 1970ல் இந்திய அரசு அவருக்கு அஞ்சல்தலை வெளியிட்டது.

அச்சகம் பிரிந்தாலும் புத்தகங்கள் நிற்கின்றன. அம்பாங் பெச்சாவிலும் சுற்றுத் தோட்டங்களிலும் நம் வீட்டு அலமாரிகளில் பழைய கித்தாபு இருந்தால், கரையானுக்குக் கொடுத்துவிடாதீர்கள். முதல் பக்கத்தைப் பிள்ளைகளுக்குக் காட்டுங்கள். யாரோ ஒரு காத்திபு புள்ளி தவறாமல் எழுதியது அது.