அர்ப்பணிப்பும் துணிவும்: அறிஞர் சித்திலெப்பை காட்டிய வழி

தலைமைத்துவம் என்பது பதவியால் வருவதன்று; சமூகத்தின் தேவையை முன்னுணர்ந்து, அதற்காகத் தன்னையே ஒப்புக்கொடுக்கும் மனத்துணிவால் வருவது. இதற்குக் கண்டி மண் தந்த சான்று அறிஞர் எம்.சி. சித்திலெப்பை ஆவார்.

1838 இல் கண்டியில் பிறந்த அவர், சட்டம் பயின்று வழக்கறிஞரானார். வசதியும் செல்வாக்கும் அவரைத் தேடி வந்தன. ஆயினும் தம் சமூகம் கல்வியில் பின்தங்கிக் கிடப்பதைக் கண்டு அவரால் வாளாவிருக்க முடியவில்லை.

அக்காலத்தில் ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் கிறிஸ்தவ மிஷனரிமாரின் கையிலேயே இருந்தது. கண்டியில் 1872 இல் திரித்துவக் கல்லூரி தொடங்கியது. 1893 இல் அருகிலுள்ள அம்பிட்டியவில் பாப்பரசரின் குருமடம் நிறுவப்பட்டது. மிஷனரிப் பாடசாலைகளுக்குப் பிள்ளைகளை அனுப்பினால் மார்க்கம் பறிபோகும் என முஸ்லிம் பெற்றோர் அஞ்சினர். அவ்வச்சத்தைச் சித்திலெப்பை ஏளனம் செய்யவில்லை. மார்க்கக் கல்வியும் நவீன கல்வியும் ஒருங்கே கிடைக்கும் பாடசாலைகளைத் தாமே அமைப்பதுதான் விடை எனக் கண்டார்.

1882 இல் 'முஸ்லிம் நேசன்' வார இதழைத் தொடங்கித் தமிழில் தம் கருத்துகளை முன்வைத்தார். எகிப்திலிருந்து நாடுகடத்தப்பட்டு 1883 இல் இலங்கை வந்த ஒராபி பாஷாவின் ஆதரவும் அவருக்குக் கிடைத்தது. 1884 இல் கொழும்பில் உருவான பாடசாலை நிலைபெறாமற் போனபோதும் அவர் மனம் தளரவில்லை. வாப்பிச்சி மரைக்கார் போன்றோரின் துணையுடன் 1892 இல் மருதானையில் மீண்டும் எழுந்த பாடசாலையே பின்னர் ஸாஹிராக் கல்லூரியாக வளர்ந்தது. பெண் கல்விக்கு எதிர்ப்பு மிகுந்திருந்த அந்நாளில், 1891 இல் கண்டியில் பெண்களுக்கெனப் பாடசாலை அமைத்தமை அவரது துணிவின் உச்சமாகும்.

1885 இல் வெளிவந்த அவரது 'அஸன்பே சரித்திரம்' ஈழத்தின் முதல் தமிழ் நாவலாகப் பரவலாகக் கருதப்படுகிறது. தமிழையும் இஸ்லாத்தையும் எதிரெதிரே நிறுத்தாது, இரண்டையும் தம் உடைமையாகக் கொண்ட பெருமகன் அவர்.

1898 இல் அவர் மறைந்தபோது, விதைத்தவற்றின் முழு விளைச்சலையும் கண்டிருக்கவில்லை. கைதட்டலையும் அடுத்த தேர்தலையும் எண்ணிச் செயற்படுவோர் நிறைந்த இக்காலத்தில், நாம் சிந்திக்க வேண்டியதும் இதுவே. தன் சமூகத்தின் தவறான அச்சத்தைச் சமூகத்திடமே எடுத்துரைக்கும் நெஞ்சுரமும், பலனைத் தான் காணாவிடினும் உழைக்கும் அர்ப்பணிப்பும் உள்ளவரே உண்மைத் தலைவர்.