செங்கால் நாரைகளைப் பார்த்துப் பறக்கக் கற்றவர்: ஓட்டோ லிலியன்தால்

1896 ஓகஸ்ட் 9, ஞாயிற்றுக்கிழமை. ஜேர்மனியின் ஸ்டோல்ன் கிராமத்துக்கு அருகிலுள்ள கொல்லென்பெர்க் குன்றிலிருந்து, 48 வயதான ஓட்டோ லிலியன்தால் தன் இறக்கையுடன் ஓடிப் பாய்ந்தார். அவர் புதியவர் அல்ல. ஐந்து ஆண்டுகளில் 2,000 தடவைகளுக்கு மேல் பறந்திருந்தார். ஆனாலும் அன்று எழுந்த ஒரு காற்று, இறக்கையின் முன்பக்கத்தை மேலே தூக்கியது. வேகம் குறைந்தது, இறக்கை தாங்கும் விசையை இழந்தது. ஏறத்தாழ 15 மீற்றர் உயரத்திலிருந்து விழுந்த அவரது முள்ளந்தண்டு முறிந்தது. மறுநாள் பேர்லினில் இறந்தார்.

இன்று ஹாங் கிளைடிங்கா, பராகிளைடிங்கா, எதைக் கற்பது என்று யோசிப்பவர்கள் முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது இந்த மனிதரின் வாழ்க்கையைத்தான்.

1848 மே 23ஆம் திகதி அங்கிளாம் என்ற சிறுநகரில் லிலியன்தால் பிறந்தார். தம்பி குஸ்தாவுடன் சேர்ந்து, சுற்றியிருந்த புல்வெளிகளில் செங்கால் நாரைகள் எழும்புவதைப் பார்ப்பதே சிறுவயதுப் பொழுதுபோக்கு. நாரை எப்போதும் காற்றை எதிர்த்தே எழும்புகிறது என்பதை அவர்கள் அப்போதே கவனித்தார்கள். பேர்லினில் பொறியியல் படித்து, பிரான்ஸுடனான போரில் பங்கேற்று, பின்னர் நீராவி இயந்திரங்களும் கொதிகலன்களும் செய்யும் சொந்தத் தொழிற்சாலையை அவர் தொடங்கினார். இலாபத்தில் 25 சதவீதத்தைத் தொழிலாளர்களுக்குப் பகிர்ந்த முதலாளி அவர்.

நாரைகளை அவர் மறக்கவில்லை. சுழலும் கருவியொன்றில் இறக்கை வடிவங்களைப் பொருத்தி, காற்று அவற்றை எவ்வளவு தூக்குகிறது என்று தம்பியுடன் பல ஆண்டுகள் அளந்தார். தட்டையான இறக்கையைவிட மெல்ல வளைந்த இறக்கையே நன்றாகத் தூக்கும் என்று கண்டார். 1889இல் அதை நூலாக வெளியிட்டார்.

1891இல் டெர்விட்ஸ் கிராமத்தில் ஏறத்தாழ 25 மீற்றர் தூரம் பறந்தார். முதலில் வீட்டுத் தோட்டத்தில் பலகையிலிருந்து குதித்துப் பழகி, பிறகுதான் சரிவுகளுக்குப் போனார். 1894இல் பேர்லினின் லிக்டர்ஃபெல்டேயில் 15 மீற்றர் உயரமான செயற்கைக் குன்றொன்றை அமைத்தார். காற்று எந்தத் திசையிலிருந்து வந்தாலும் அதை எதிர்கொண்டு ஓட அது உதவியது. ரினோ குன்றுகளில் 250 மீற்றர் தூரம் வரை பறந்தார். வில்லோ மரக்கம்பும் பருத்தித் துணியும் கொண்டு செய்த அவரது இறக்கையின் நிறை ஏறத்தாழ 20 கிலோகிராம். அதையே மற்றவர்களுக்கும் செய்து விற்றார்.

அவரது பலவீனம் கட்டுப்பாட்டில் இருந்தது. முன்னங்கைகளால் சட்டத்தைப் பற்றிக்கொண்டு, தொங்கும் கால்களை ஆட்டி எடையை நகர்த்தித்தான் திசையும் சமநிலையும் காக்க முடிந்தது. உடலின் பெரும்பகுதி ஒரே இடத்தில் சிக்கிக் கிடந்தது. முன்பக்கம் திடீரென எழும்பியபோது, அதைக் கீழே இறக்க அந்த அசைவு போதவில்லை. அவரது மரணச் செய்தி அமெரிக்காவின் ரைட் சகோதரர்களைப் பறத்தலின் பக்கம் திருப்பியது. அவர்கள் முதலில் தீர்க்க முனைந்ததும் கட்டுப்பாட்டுச் சிக்கலையே.

ஹாங் கிளைடர் லிலியன்தாலின் நேரடி வாரிசு. 1963இல் அவுஸ்திரேலியாவின் ஜோன் டிக்கென்சன், முக்கோணச் சட்டத்தின் அடியில் முழு உடலும் தொங்கி அசையும் முறையைச் சேர்த்தார். லிலியன்தாலுக்குக் கிடைக்காதது அதுதான். பராகிளைடரோ பரசூட்டிலிருந்து வந்தது. 1978இல் பிரான்ஸின் மியூசி கிராமத்தில், மலைச்சரிவிலிருந்து ஓடிப் பரசூட்டுடன் புறப்பட்டவர்களிடமிருந்து அந்த விளையாட்டு பரவியது.

புதியவர்களுக்குப் பராகிளைடிங் எளிதில் கைவரும். சட்டம் இல்லாததால் மடித்து முதுகுப்பையில் எடுத்துச் செல்லலாம். வேகம் குறைவு, தரையிறங்குவதும் இலகு. ஆனால் காற்று குழம்பும்போது துணி இறக்கை மடங்கிவிடக்கூடும். அலுமினியச் சட்டமுள்ள ஹாங் கிளைடர் அப்படி மடங்காது, வேகமாகவும் தூரமாகவும் செல்லும். ஆனால் இறக்கை மட்டுமே 25 முதல் 35 கிலோகிராம் வரை இருக்கும், கொண்டுசெல்ல வாகனம் வேண்டும், கற்க நாள் பிடிக்கும், தரையிறங்கவும் அதிகப் பயிற்சி தேவை.

எதைத் தேர்ந்தாலும் இரண்டும் ஒரே காற்றில்தான் பறக்கின்றன. வெயில் ஏறியதும் தரையிலிருந்து எழும் சூடான காற்று இரண்டையும் தடுமாறச் செய்யும். ஆகவே பயிற்றுநருடன், தாழ்ந்த சரிவில், அமைதியான காற்றில் தொடங்குவதே முறை. தாழ்ந்த குன்றிலிருந்து படிப்படியாக உயர்ந்த லிலியன்தாலின் வழி சரியானதே. ஆனால் பக்கத்தில் நின்று சொல்லித்தர அவருக்கு எவரும் இருக்கவில்லை. இன்று பறக்கப் போகிறவருக்கு அந்த வசதி உண்டு. அதைத் தவிர்க்க எந்தக் காரணமும் இல்லை.