ராமன் விட்ட உத்தியோகம்

நம் தேசத்தில் சர்க்கார் உத்தியோகத்துக்கு இருந்து வந்த மதிப்பு சாமானியமானதன்று. காவேரிக் கரையில் ஒரு பையன் வகுப்பில் முதல்வனாகத் தேறினால், அவன் மேற்கொண்டு எதை ஆராயப் போகிறான் என்று ஊரார் கேட்டதில்லை; எந்த ஆபீஸில் அமரப் போகிறான் என்றுதான் கேட்டார்கள். கலாசாலைக் கல்வியே உத்தியோகத்துக்கு இறங்கும் படித்துறை என்று எண்ணப்பட்ட அக்காலத்தில், ஆண்டுக்கு ஆண்டு உயர்ந்துகொண்டிருந்த ஒரு பதவியை, முப்பது வயது நிரம்பாத ஒருவர் தாமாகவே ராஜிநாமாச் செய்தார். அதுவும் பழைய சம்பளத்தில் பாதிக்குச் சற்றே மேற்பட்ட ஊதியத்தை ஏற்றுக்கொண்டு. அவரே ஸர் சி. வி. ராமன்.

திருச்சிராப்பள்ளியை அடுத்த திருவானைக்காவலில் 1888-ஆம் வருஷம் நவம்பர் மாதம் 7-ஆம் தேதி அவர் பிறந்தார். தந்தையார் சந்திரசேகர ஐயர் விசாகப்பட்டணத்தில் கணிதமும் பௌதிகமும் போதித்த ஆசிரியர். வீட்டில் செல்வம் இல்லாவிடினும் புஸ்தகங்கள் இருந்தன. சென்னை ராஜதானிக் கலாசாலையில் 1904-இல் பி. ஏ. பரீக்ஷையில் முதல்வராகத் தேறித் தங்கப் பதக்கம் பெற்றபோது அவருக்கு வயது பதினாறு கூட நிரம்பவில்லை. சீமைக்குச் சென்று படிக்கும்படி ஆசிரியர்கள் தூண்டினார்கள். ஆனால் அவருடைய மெலிந்த தேகத்தைப் பரிசோதித்த வைத்தியர், இங்கிலாந்தின் குளிரை இவ்வுடல் தாங்காது என்று தடுத்துவிட்டார். எம். ஏ. வகுப்பில் படிக்கும்போதே ஒளியைப் பற்றி அவர் எழுதிய கட்டுரை, 1906-இல் லண்டனில் ஒரு பிரசித்தி பெற்ற விஞ்ஞானப் பத்திரிகையில் வெளியாயிற்று.

இவ்வளவு திறமையுள்ளவர் கணக்கு இலாகாவுக்கு ஏன் போனார் என்று நேயர்கள் கேட்கலாம். போக வேறு இடம் இல்லை என்பதே விடை. கல்வி இலாகாவின் உயர்ந்த ஆசிரியப் பதவிகள் பெரும்பாலும் ஆங்கிலேயருக்கே உரியனவாக இருந்தன. ஆராய்ச்சியையே தொழிலாகக் கொண்டு ஓர் இந்தியன் ஜீவிக்கலாம் என்ற எண்ணத்துக்கே அன்று இடமில்லை. இங்கிலாந்து செல்லாமல், இந்தியாவிலேயே பரீக்ஷை எழுதி அடையக்கூடிய உயர் பதவி நிதி இலாகாவில்தான் இருந்தது. அந்தப் பரீக்ஷைக்குத் தமக்குச் சம்பந்தமில்லாத சரித்திரத்தையும் பொருளாதாரத்தையும் படித்து, அதிலும் முதல்வராகத் தேறினார். லோகசுந்தரி அம்மையாரை மணந்துகொண்டு, 1907-ஆம் வருஷம் உதவி அக்கவுண்டண்ட் ஜெனரலாகக் கல்கத்தா சேர்ந்தார். குடும்பம் நிம்மதியடைந்தது, ஊரார் மெச்சினார்கள். சாதாரணமாகப் பார்த்தால் கதை இங்கேயே முடிந்திருக்க வேண்டும்.

ஒரு நாள் டிராம் வண்டியில் போகும்போது, பௌபஜார் வீதியில் 210-ஆம் எண்ணுள்ள கட்டிடத்தில் ஒரு பெயர்ப் பலகை அவர் கண்ணில் பட்டது. அது இந்திய விஞ்ஞான வளர்ச்சிச் சங்கம். டாக்டர் மகேந்திரலால் சர்க்கார் என்ற வங்காளப் பெரியார் நன்கொடை திரட்டி 1876-இல் ஸ்தாபித்தது. இந்தியர் தாங்களே நடத்தும் ஆராய்ச்சிச் சாலையாக அது விளங்க வேண்டும் என்பது அவருடைய கனவு. பிரசங்கங்கள் நடந்தனவேயன்றி ஆராய்ச்சி செய்வார் இல்லை. அந்த ஏக்கத்துடனேயே அவர் 1904-இல் காலமானார். ராமன் வண்டியை விட்டு இறங்கிச் சென்று கதவைத் தட்டினார். திறந்தவர் அங்கே ஊழியராயிருந்த அசுதோஷ் டே. காரியதரிசி அமிர்தலால் சர்க்கார், கருவிகளைத் தூசி தட்டி உபயோகிக்க ஓர் ஆள் வந்தானே என்று மகிழ்ந்து, சாலையை அவருக்குத் திறந்துவிட்டார்.

அதன்பின் பத்து வருஷம் ராமன் இரட்டை வாழ்க்கை வாழ்ந்தார். விடியற்காலை ஐந்தரை மணிக்குச் சங்கத்துக்குச் செல்வார். பத்து மணிக்குச் சற்று முன் வீடு திரும்பி, அவசரமாக நீராடி, இரண்டு கவளம் உண்டு, வாடகை வண்டியில் ஆபீஸுக்கு ஓடுவார். மாலை ஐந்து மணிக்கு ஆபீஸிலிருந்து நேரே சங்கத்துக்கு வருவார். வீடு சேர இரவு ஒன்பதரை, பத்து ஆகிவிடும். ஞாயிற்றுக்கிழமைகளும் அங்கேயே கழிந்தன. வங்காளத்து எக்தாராவும் பிடிலின் தந்திகளும் எவ்வாறு அதிர்கின்றன என்றெல்லாம் அவர் ஆராய்ந்து வெளியிட்டவை இந்த எஞ்சிய நேரத்தில் விளைந்தவையே. கல்லூரி வாசலை மிதியாத அசுதோஷ் டேயைத் தம் வலக்கையாக வைத்துக்கொண்டு, கட்டுரைகளில் அவர் பெயரையும் தம் பெயருக்கு அருகில் சேர்த்தார். அயலூரில், பாஷை தெரியாத இடத்தில், கணவரை அகாலத்தில் மட்டுமே கண்டு இல்லறம் நடத்திய அந்த இளம் மனைவியின் பொறுமையையும் இவ்விடத்தில் நாம் மறக்கலாகாது.

இந்த ஏற்பாட்டில் ஓர் ஆபத்து இருந்தது. சர்க்கார் ஊழியனை எங்கே வேண்டுமானாலும் மாற்றலாம். 1909-இல் ரங்கூனுக்கும், அடுத்து நாகபுரிக்கும் அவரை மாற்றினார்கள். உத்தியோகம் கூடவே வந்தது. ஆராய்ச்சிச் சாலை வரவில்லை. தந்தையார் காலமான 1910-இல் விடுமுறை எடுத்து ஊர் வந்தவர், அதில் பெரும் பகுதியைச் சென்னையில் தாம் படித்த கலாசாலையின் ஆராய்ச்சி அறையில் கழித்தார் என்றால், அவர் மனம் எங்கே இருந்தது என்பது விளங்கும். 1911-இல் கல்கத்தாவுக்குத் திரும்பிவர முடிந்தது. மீண்டும் எப்பொழுது மாற்றல் உத்தரவு வரும் என்று யார் கூற முடியும்?

அச்சமயம் கல்கத்தா சர்வகலாசாலையின் துணைவேந்தராயிருந்தவர் ஸர் அசுதோஷ் முகர்ஜி. ஸர் தாரகநாத் பாலித் அளித்த பெருங்கொடையைக் கொண்டு அவர் ஒரு விஞ்ஞானக் கலாசாலையை அமைத்தார். அதன் பேராசிரியர் பதவிகள் இந்தியருக்கே உரியவை என்பது கொடையின் நிபந்தனை. பௌதிகப் பதவிக்கு 1914-இல் ராமனையே தேர்ந்தெடுத்தார். ஆனால் அந்தப் பதவிக்கு வருபவர் வெளிநாட்டில் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்று மற்றொரு விதியும் இருந்தது. பயிற்சிக்காகச் சீமை செல்ல ராமன் மறுத்துவிட்டார். இந்நாட்டிலேயே கற்று, இந்நாட்டிலேயே ஆராய்ந்து, அயல்நாட்டுப் பத்திரிகைகளில் இடம்பெற்ற தமக்குப் பிறர் முத்திரை எதற்கு என்பது அவர் கருத்து. முடிவில் வளைந்தது விதிதான், ராமன் வளையவில்லை.

இலாகாவில் அவர் சம்பளம் மாதம் 1,100 ரூபாய். பேராசிரியருக்கு 600 ரூபாய். 1917-இல் அறுநூறு ரூபாய் வறுமையன்று. அவரைத் துறவியாக்கி நாம் புகழ வேண்டியதில்லை. அவர் இழந்தது சோற்றையன்று. நிதி இலாகாவில் ஓர் இந்தியன் எட்டக்கூடிய உச்சியையும், அதைச் சார்ந்த அதிகாரத்தையும் ஓய்வூதியத்தையும் அவர் கைவிட்டார். அவருடைய வேலைத் திறமையை மேலதிகாரிகள் நன்கு அறிந்திருந்தார்கள். போகவிட அவர்களுக்கு மனமில்லை. வேலையில் தோற்றவன் விலகுவது எளிது. அதில் வென்றுகொண்டிருப்பவன் விலகுவதே அரிது. அவர் ஆத்திரத்தில் குதித்தவருமல்லர். பத்து வருஷம் தம்மைத் தாமே சோதித்து, அந்த வேலை இல்லாமல் தம்மால் இருக்க முடியாது என்று தெரிந்த பின்னரே ஜூலை 1917-இல் பேராசிரியரானார்.

பின்னர் நடந்ததை உலகம் அறியும். 1921-இல் கப்பலில் செல்லும்போது மத்தியதரைக் கடலின் நீலம் அவரைச் சிந்திக்க வைத்தது. கே. எஸ். கிருஷ்ணன் முதலிய சிஷ்யர்களுடன் அதே பௌபஜார் கட்டிடத்தில் உழைத்து, 1928 பிப்ரவரி 28-ஆம் தேதி ராமன் விளைவைக் கண்டார். 1930-இல் நோபெல் பரிசு கிடைத்தது. பிடிவாதமும் கூரிய நாவும் உள்ளவராதலால் கலகங்களும் வந்தன. 1933-இல் கல்கத்தாவை விட்டுப் பெங்களூர் சென்றார். அங்கும் இந்திய விஞ்ஞானக் கழகத்தின் தலைமைப் பதவியில் நான்கு வருஷமே நீடித்தார். ஓய்வு பெற்ற 1948-இல், தாமே பொருள் திரட்டிக் கட்டிய ஆராய்ச்சி நிலையத்தில் புகுந்துகொண்டார். சர்க்கார் பணம் பெற்றால் சர்க்கார் கேள்விக்கும் பதில் கூற வேண்டும் என்று அதை விலக்கியே வைத்தார்.

எண்பத்திரண்டு வயதிலும் அவர் அங்கே வேலை செய்துகொண்டிருந்தார். 1970 நவம்பர் 21-ஆம் தேதி அவர் காலமானதும், அவர் விரும்பியபடியே அந்நிலையத்தின் தோட்டத்திலேயே தகனம் நடந்தது. அவ்விடத்தில் கட்டிடம் எதுவும் எழுப்பவில்லை; ஒரு மரத்தை மட்டும் நட்டார்கள்.