யாழ்ப்பாணப் பாசியும் ஃபானி அம்மையாரும்

மண்டைதீவைச் சூழ்ந்த கடனீரேரிப் பக்கத்தார்க்குக் கஞ்சிப்பாசி புதிதன்று. செம்பாசி இனமாகிய இதனை மேனாட்டு மருந்து நூல்கள் ‘யாழ்ப்பாணப் பாசி’ என்றும் வழங்கின. இவ்வகைப் பாசிகளிலிருந்து வடிக்கும் அகரை அடுக்களையினின்று ஆய்வுகூடத்துக்குக் கொண்டு சேர்த்தவர் ஃபானி ஹெஸ்ஸே அம்மையார்.

1850-இல் நியூ யோர்க்கில் பிறந்த இவர், 1874-இல் ஜெர்மானிய மருத்துவர் வால்தர் ஹெஸ்ஸேயை மணந்தார். கணவரின் ஆய்வு நூல்களுக்குப் படம் வரைந்தவரும் இவரே. 1881-இல் வால்தர், ரொபேட் கொக்கின் ஆய்வுகூடத்திற் பயின்றார். அக்காலத்தில் கிருமிகளை ஜெலற்றின் மீதே வளர்த்தனர். அதுவோ கோடையில் உருகியது; சில கிருமிகள் அதனையே கரைத்து நீராக்கின. அம்மையார் ஆக்கிய பழக்களி மட்டும் வெயிலிலும் குலையாதிருந்தது. காரணம் வினவிய கணவருக்கு அகரைக் காட்டினார். சாவகத்தில் வாழ்ந்து மீண்ட ஒல்லாந்த அயலவரிடம் இளமையிற் கற்ற பாகம் அது!

அகரின் உறையும் கூறாகிய அகரோசு, கலக்டோசும் நீர் நீங்கிய கலக்டோசும் மாறிமாறிக் கோத்த நெடுஞ்சங்கிலி. சூடு தணியுங்கால் சங்கிலிகள் இரண்டிரண்டாய் முறுக்குண்டு, வலையாகி, நீரைச் சிறைப்படுத்தும். ஏறத்தாழ 40 பாகையில் உறைந்த களி, 85 பாகையை அண்மினாலன்றி உருகாது. பெரும்பாலான கிருமிகளுக்கு அதனைச் செரிக்கும் வல்லமையும் இல்லை.

1882-இற் காசநோய்க் கிருமி பற்றி எழுதிய கொக், அகரைக் குறித்தார். ஹெஸ்ஸே தம்பதியரைக் குறித்தாரல்லர். மறதியோ, அலட்சியமோ! கண்ணாடித் தட்டுக்குப் பெட்ரியின் பெயர் நிலைத்தது. அத்தட்டை நிறைத்த களிக்கு அம்மையாரின் பெயர் வாய்க்கவில்லை. அதனாற் பொருளும் ஈட்டாது 1934-இல் அவர் மறைந்தார். அவர் பங்கினை விரித்துரைத்த கட்டுரை அமெரிக்க ஆய்விதழொன்றில் வெளிவந்தது 1939-இலேதான்.