சந்தைக்கு வழி கேட்ட ஸஹாபி

மதீனாவுக்கு வந்து சேர்ந்த முஹாஜிர் ஒருவர், தமக்கு நீட்டப்பட்ட பாதிச் சொத்தை வேண்டாம் என்று சொல்லிவிட்டுச் சந்தைக்கு வழி கேட்ட வரலாறு நம் ஜும்ஆ மேடைகளில் அடிக்கடி கேட்பதுதான். உழைத்துச் சாப்பிட வேண்டும் என்பதற்கு அதைச் சொல்வார்கள். அந்த ஸஹாபி அப்துர் ரஹ்மான் பின் அவ்ஃப் (ரலி) அவர்களின் வாழ்க்கையைத் தொடர்ந்து படித்தால், தொழில் செய்கிற ஒருவர் மனிதர்களோடு எப்படிப் பழக வேண்டும் என்பதற்கும் அங்கே நிறைய இருக்கிறது.

இன்று நம் வீடுகளில் பிள்ளை படித்து முடித்ததும் முதல் வேலை, தெரிந்த ஆளைத் தேடுவது. துபாயில் யார் இருக்கிறார்கள், சென்னையில் யாரைப் பிடிக்கலாம் என்று போன் பறக்கிறது. நெட்வொர்க்கிங் என்று பெயர் வைத்து இதற்கு வகுப்பும் நடத்துகிறார்கள். ஆள் தேடுவதில் தவறில்லை. அவரிடம் எதைக் கேட்கிறோம், கேட்டு வாங்கிய பிறகு அவரோடு எப்படி இருக்கிறோம் என்பதில்தான் பலரும் சறுக்குகிறார்கள்.

அப்துர் ரஹ்மான் (ரலி) யானை ஆண்டுக்கு ஏறத்தாழ 10 ஆண்டுகளுக்குப் பின், மக்காவில், குறைஷிகளின் பனூ ஸுஹ்ரா கிளையில் பிறந்தவர். அறியாமைக் காலத்தில் அவருக்கு அப்து அம்ரு என்று பெயர். அவர் இஸ்லாத்துக்கு வந்ததே ஒரு வியாபாரியின் பழக்கத்தால்தான். அபூபக்ர் (ரலி) துணி வியாபாரி. குறைஷிகளின் வம்சாவளியை நன்கு அறிந்தவர், இனிமையாகப் பேசுபவர். வியாபார விஷயங்களுக்காகவும் அவருடைய நட்புக்காகவும் மக்கள் அவரைத் தேடி வருவார்கள். அப்படி வந்தவர்களில் தமக்கு நம்பிக்கையானவர்களிடம் அவர் மார்க்கத்தைச் சொன்னார். உஸ்மான், ஸுபைர், தல்ஹா, ஸஅத் பின் அபீவக்காஸ், அப்துர் ரஹ்மான் (ரலி) ஆகிய ஐவரும் அந்த வழியில் வந்தவர்கள். சொர்க்கத்தைக் கொண்டு நன்மாராயம் சொல்லப்பட்ட பத்துப் பேரில் பாதிப் பேர் அபூபக்ர் (ரலி) அவர்களின் பழக்க வட்டத்தில் இருந்தவர்கள் என்பதை நாம் எத்தனை பேர் கவனித்திருக்கிறோம்?

622இல் ஹிஜ்ரத். சொத்தை மக்காவில் விட்டுவிட்டு வந்த அவரை நபி (ஸல்) அவர்கள் ஸஅத் பின் ரபீஉ (ரலி) என்ற அன்ஸாரித் தோழருக்குச் சகோதரராக ஆக்கினார்கள். ஸஅத் வசதியானவர். தம் செல்வத்தில் பாதியைத் தருவதாகச் சொன்னார். தம் இரு மனைவியரில் ஒருவரை மணவிலக்குச் செய்து, இத்தா முடிந்ததும் மணம் முடித்துத் தருவதாகவும் சொன்னார். அது மனப்பூர்வமான பேச்சு. அப்துர் ரஹ்மான் (ரலி) அவருடைய குடும்பத்திலும் பொருளிலும் பரக்கத் வேண்டி துஆ செய்தார். பிறகு கேட்டது ஒன்றே ஒன்று: இங்கே சந்தை எங்கே இருக்கிறது? பனூ கைனுகா சந்தைக்கு வழி காட்டினார்கள்.

அன்று திரும்பி வரும்போது அவர் கையில் கொஞ்சம் பாலாடைக்கட்டியும் நெய்யும் இருந்தன. மறுநாளும் போனார். அடுத்த நாளும். சில நாட்களுக்குப் பின் அவர் மீது நறுமணப் பொருளின் மஞ்சள் கறையைக் கண்ட நபி (ஸல்) அவர்கள் என்ன விஷயம் என்று விசாரித்தார்கள். ஓர் அன்ஸாரிப் பெண்ணை மணந்துகொண்டதாகவும், பேரீச்சங்கொட்டை அளவு எடைத் தங்கத்தை மஹராகக் கொடுத்ததாகவும் சொன்னார். ஓர் ஆட்டையாவது அறுத்து வலீமா கொடுக்குமாறு நபியவர்கள் பணித்தார்கள்.

ஸஅத் (ரலி) அவர்களிடமிருந்து அவர் பெற்றுக்கொண்டது ஊர் தெரிந்த ஒருவரால் எளிதாகத் தர முடிந்ததை. பாதிச் சொத்தை வாங்கியிருந்தால் அதன் பிறகு இருவரும் ஒருவரையொருவர் எப்படிப் பார்த்திருப்பார்கள் என்று சொல்ல முடியாது. உதவி கேட்டுப் போகும் நம் பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக் கொடுக்கலாம். எனக்கு ஒரு வேலை வாங்கிக் கொடுங்கள் என்பதும், இந்தத் துறையில் எங்கே போய் எதைக் கற்க வேண்டும் என்பதும் வெவ்வேறு கேள்விகள். இரண்டாவதைக் கேட்பவரிடம் மனிதர்கள் மறுபடியும் பேச விரும்புகிறார்கள்.

அந்த ஸஅத் (ரலி) உஹதுப் போரில் ஷஹீதானார். அவருடைய பொருள் முழுவதையும் அவருடைய சகோதரர் எடுத்துக்கொள்ள, அவருடைய மனைவி இரு பெண் மக்களுடன் நபி (ஸல்) அவர்களிடம் வந்து முறையிட்டார். அப்போதுதான் ஸூரத்துன் னிஸாவின் வாரிசுரிமை வசனம் இறங்கியது. மகள்களுக்கு மூன்றில் இரண்டு பங்கு, மனைவிக்கு எட்டில் ஒன்று, மிச்சம் சகோதரருக்கு.

அடுத்தது பலரும் மேடையில் சொல்லாத செய்தி. ஸஹீஹுல் புகாரியில் இருக்கிறது. மதீனாவுக்கு வந்த பிறகும் மக்காவில் அப்துர் ரஹ்மான் (ரலி) அவர்களுக்கு உடைமைகள் இருந்தன. அவற்றைப் பார்த்துக்கொள்ள உமய்யா பின் கலஃபுடன் எழுத்து ஒப்பந்தம் செய்துகொண்டார். மக்காவில் இவர் பொருளை உமய்யா பாதுகாப்பது, மதீனாவில் உமய்யாவின் பொருளை இவர் பாதுகாப்பது. பிலால் (ரலி) அவர்களைச் சுடுமணலில் கிடத்தி நெஞ்சில் பாறையை ஏற்றியவன் இந்த உமய்யா. ஒப்பந்தத்தில் பெயர் எழுதும்போது, அர்ரஹ்மான் யார் என்று தனக்குத் தெரியாது, பழைய பெயரை எழுது என்றான். அப்து அம்ரு என்றே எழுதினார். கொள்கையில் கடும் எதிரியாக இருப்பவனோடும் கொடுக்கல் வாங்கல் உண்டு, அதில் எழுதியது எழுதியதுதான் என்பது அவர் நிலை.

அந்த எழுத்துக்குச் சோதனை ஹிஜ்ரி 2இல் பத்ருக் களத்தில் வந்தது. தோல்வியடைந்த உமய்யாவைக் காப்பாற்ற அவர் முயன்றார். பிலால் (ரலி) பார்த்துவிட்டார். அவன் தப்பினால் தாம் பிழைத்ததில் அர்த்தமில்லை என்று அன்ஸாரிகளைக் கூட்டிக்கொண்டு வந்தார். உமய்யாவின் மகன் முதலில் வீழ்ந்தான். பருத்த உடம்புக்காரனான உமய்யாவால் ஓட முடியவில்லை. அவனை மண்டியிடச் சொல்லி அவன் மேல் அப்துர் ரஹ்மான் (ரலி) தாமே கவிழ்ந்து மறைத்துக்கொண்டார். வாள்கள் அவருக்குக் கீழே புகுந்து உமய்யாவைக் கொன்றன. ஒரு வாள் அவருடைய காலிலும் பட்டது. அந்தத் தழும்பைப் பிற்காலத்தில் அவர் காட்டுவாராம்.

இதைப் படிக்கும்போது நம் மனம் பிலால் (ரலி) பக்கம்தான் போகிறது. அவர் பட்டது அப்படி. நியாயம் அவரிடம் இருந்தது. அப்துர் ரஹ்மான் (ரலி) அதற்காக அவர் மேல் பகை வளர்த்ததாக எந்தச் செய்தியும் இல்லை. பிலாலுக்கு அல்லாஹ் அருள் புரியட்டும் என்று சொல்லிவிட்டு, தம் கைதிகளை இழந்ததைத்தான் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார்.

வியாபாரம் பெருகியது. ஆயிரம் ஒட்டகங்களை வாங்கிய விலைக்கே விற்றாராம். கட்டியிருந்த கயிறுகள் தலா ஒரு திர்ஹம் வீதம் மிஞ்சின, அன்றைய தீவனச் செலவு ஆயிரம் திர்ஹமும் மிச்சம் என்று இமாம் கஸ்ஸாலி (ரஹ்) இஹ்யாவில் எழுதுகிறார்கள். அப்படி விற்பவரிடம் வாங்கியவர் அடுத்த முறை வேறு யாரிடம் போவார்? வசதி வந்த பின்னும் பழைய தோழர்களை அவர் மறக்கவில்லை. ஒரு நாள் நோன்பு திறக்க உணவு வைக்கப்பட்டபோது, உஹதில் ஷஹீதான முஸ்அப் பின் உமைர் (ரலி) நினைவு வந்துவிட்டது. தலையை மூடினால் கால் தெரிகிற ஒரே துணியில் கஃபனிடப்பட்டவர் அவர். அழுதார், சாப்பிடாமல் எழுந்துவிட்டார்.

இப்படிச் சேர்ந்த நம்பிக்கை முழுவதும் 644இல் ஒரே வேலைக்குத் தேவைப்பட்டது. உமர் (ரலி) குத்தப்பட்டு மரணப் படுக்கையில் இருந்தபோது அடுத்த கலீஃபாவைத் தேர்வு செய்ய ஆறு பேரை நியமித்தார்கள். அதில் ஒருவரான அப்துர் ரஹ்மான் (ரலி) தமக்குப் பதவி வேண்டாம் என்று விலகிக்கொண்டு, தேர்வு செய்யும் பொறுப்பை ஏற்றார். மூன்று இரவுகள் சரியாகத் தூங்கவில்லை. முஹாஜிர்கள், அன்ஸாரிகள், படைத்தளபதிகள் என்று ஒவ்வொருவரிடமும் கருத்துக் கேட்டார். உஸ்மான் (ரலி) அவருக்கு மைத்துனர் முறை என்பது ஊருக்கே தெரியும். அப்படியிருந்தும் முடிவை அவர் கையில் விட்டார்கள். உஸ்மான் (ரலி) அவர்களுக்கு அவர் பைஅத் செய்ய, மற்றவர்களும் செய்தார்கள்.

ஹிஜ்ரி 32இல் அவர் வஃபாத்தானார். பத்ரில் கலந்துகொண்டு அப்போது உயிருடன் இருந்த ஒவ்வொருவருக்கும் 400 தீனார் கொடுக்க வஸிய்யத் செய்திருந்ததாக அறிவிக்கப்படுகிறது. நபி (ஸல்) அவர்களின் அருகே அடக்கம் செய்ய ஆயிஷா (ரலி) இடம் தர முன்வந்ததாகவும், அவர் அதை ஏற்கவில்லை என்றும் ஓர் அறிவிப்பு உண்டு. உஸ்மான் பின் மள்ஊன் (ரலி) அவர்களும் இவரும், யார் பிந்தி இறந்தாலும் முந்தியவரின் பக்கத்தில் அடங்குவது என்று பேசி வைத்திருந்தார்களாம். அந்தத் தோழர் இறந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் ஆகியிருந்தன. ஜன்னத்துல் பகீயில் அவர் அடக்கம் செய்யப்பட்டார்.